நாத்தனார் கட்டிய கூரைப் புடவை

எங்கள் ஊரில் புடவை, தன்னைக் கட்டிவிட்டவரின் பின்னால்தான் போகும். அதை உடுத்தியிருக்கும் பெண்ணும் கூடவே போவாள். அதனால்தான் கல்யாணத்தில் கூரைப் புடவையை நாத்தனார் கட்டிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மணப்பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர வேறு வழி கிடையாது.

என் தம்பி இளமாறனின் கல்யாணத்தில் நாத்தனார் நான். எனக்குப் புடவை கட்டத் தெரியாது. அன்று நான் உடுத்தியிருந்ததே தையற்கடையில் கொசுவத்தைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த புடவை. பாவாடை போல மாட்டிக்கொண்டு கொக்கியைப் போட்டால் போதும். தைத்த புடவை யார் பின்னாலும் போகாது. நாற்பது வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? மணமகள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அலங்காரம் செய்ய வந்திருந்த ரெஜினாவின் காதில் மட்டும் சொன்னேன்.

"கட்டிடலாம்க்கா. ஆனா எனக்கு அடுத்த மண்டபத்துல வேலை இருக்கு. பரவாயில்லையா?"

"பரவாயில்லை" என்றேன். வெட்கத்தில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

ரெஜினா நறுவிசாகக் கட்டி முடித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினாள். மணப்பெண் தேன்மொழியும் மாலையும் கழுத்துமாகப் பின்னாலேயே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணவறையிலிருந்து தம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சௌந்தரம் அத்தை என்னிடம் வந்தாள். "பொண்ணு யாரு பின்னாடிடி போறா?"

"எனக்குக் கட்டத் தெரியாது, அத்தை."

பாழாய்ப்போன மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. நான் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். யாராவது திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மண்டபத்துக்கு ஓடினேன். ரெஜினா வேறொரு பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி பின்னால் நின்று ஹேர்பின் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா, அண்ணி? முகூர்த்தம் போயிடுமோன்னு இருந்துச்சு" என்றாள்.

ஒரு மறைப்புக்குள் அழைத்துப் போய்ப் புடவையை அவிழ்த்து நானே கட்டினேன். சுற்றச் சுற்றப் புடவை எங்கோ போய், கொசுவம் அவள் முதுகுப் பக்கம் வந்து நின்றது. புடவைக்குக் கொசுவம் இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். மறுபடி அவிழ்க்க நேரமில்லை. நான் முன்னால் நடக்க, தேன்மொழி எனக்கு முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே நடந்து வந்தாள். வழியில் சைக்கிள்காரர்கள் இறங்கி ஒதுங்கினார்கள்.

மணவறையிலும் அவள் அக்கினிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். ஐயர் ஹோம குண்டத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். தம்பி எழுந்து சுற்றிப் போனான். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மணவறைக்குப் பின்னால் போனார்கள். தாலிக்கு மூன்றாவது முடிச்சு நான்தான் போட்டேன். தலையை நிமிர்த்தவே முடியவில்லை. எல்லாரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோதும் தேன்மொழியின் முகம் தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. மருமகள் எதைப் பார்த்து நுழைகிறாளோ அதுதான் வீடு. அத்தை ஆரத்தித் தட்டோடு தெருவுக்கு இறங்கினாள். அடுப்பைத் தார் ரோட்டில் வைத்துப் பால் காய்ச்சினார்கள். அங்கேயே விளக்கேற்றினார்கள்.

அப்படியானால் எங்கள் கூடம்தான் இனித் தெரு. சாயங்காலம் டவுன் பஸ் கூடத்துக்குள் வந்து ஹாரன் அடித்தது. நான் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து, கட்டிலை ஓரமாக இழுத்து வழிவிட்டேன்.