முக்பில் கொடுத்த முகம்

எங்கள் சனா நகரத்து உப்புச் சந்தையில், யாராவது ஒரு பொருளைப் பார்த்து அழகாயிருக்கிறது என்றால், "எடுத்துக்குங்க, உங்களுதுதான்" என்று சொல்லிவிட வேண்டும். அவர் "வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மறுத்துவிட வேண்டும். இருவருக்கும் மனம் நிறையும்; பொருள் இடம் மாறாது.

என் தங்கை புருஷன் முக்பில் என் கடைக்குப் பக்கத்துக் கடையில் உலர்திராட்சை விற்கிறான். அன்று ஹென்ரிக் என்ற நார்வேக்காரன் காமிராவோடு வந்து அவன் முன்னால் நின்றான். புத்தகத்தில் அரபு படித்தவன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்கள் முகம் மிகவும் அழகாக இருக்கிறது" என்றான்.

அந்த முகத்துக்கு அதுதான் முதல் பாராட்டு. முக்பில் நெஞ்சில் கை வைத்து, "எடுத்துக்கப்பா, உன்னுதுதான்" என்றான்.

"மிக்க நன்றி" என்று அவன் எடுத்துக்கொண்டான். காமிரா ஒருமுறை சொடுக்கியது.

நான் திரும்பினேன். தலைப்பாகை இருந்தது. இடுப்பில் குத்துவாள் இருந்தது. நடுவே பார்க்கப்போனால் கண் வழுக்கிக்கொண்டு பின்னாலிருந்த தராசில் போய் நின்றது.

"என்ன மச்சான், அப்படிப் பாக்குறே?"

"ஒண்ணுமில்ல. மூஞ்சிய எங்க வச்சே?"

தடவிப் பார்த்தான். கை எதிலும் முட்டாமல் போய்வந்தது. அதற்குள் ஒருத்தி வந்து, "கடையில ஆளில்லையா?" என்று அவனிடமே கேட்டுவிட்டுப் போனாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவனை அவன் வீட்டுக்கே அழைத்துப் போனேன். தங்கை தகிய்யா கதவை விரற்கடை திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினாள். "குரல் அவருதான்ணே. ஆனா மூஞ்சி இல்லாத ஆம்பளைய உள்ள விட்டா தெரு என்ன பேசும்? போய் வாங்கிட்டு வரச் சொல்லு."

ஹென்ரிக் மறுநாள் விடியலில் விமானம் ஏறுகிறான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. போய் அந்தப் படத்தைப் பாராட்டலாம், அவனே நீட்டிவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

அவன் தங்கியிருந்த விடுதிக்குப் போனோம். காமிராவைக் காட்டினான். முக்பிலின் முகம் உள்ளேயிருந்து எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டியது. நெற்றியில் வியர்வை.

"என்ன அழகான படம்" என்றேன்.

"நன்றி."

"இப்படி ஒண்ண நான் பாத்ததேயில்ல."

"நன்றி, நன்றி."

அவர்கள் ஊரில் பாராட்டினால் பாராட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். என் நாக்கு வறண்டுபோயிற்று. தேநீர் கொண்டுவந்த விடுதிக்காரர் ஷரஃபுக்கே பொறுக்கவில்லை. "ஏம்பா, பெரியவங்க இவ்வளவு புகழ்றாங்க. 'எடுத்துக்குங்க'ன்னு சொல்ல வேணாமா? அதுதான் எங்க மரியாதை."

ஹென்ரிக்குக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. சட்டென்று எழுந்து, காமிராவை இரண்டு கையிலும் ஏந்தி முக்பிலிடம் நீட்டினான். "எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதுதான்."

முக்பில் நல்ல குடும்பத்துப் பிள்ளை. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"சேச்சே, என்னப்பா இது. உங்கிட்டயே இருக்கட்டும். அல்லா உனக்கு பரக்கத் பண்ணட்டும்."

அவன் வாயைப் பொத்தப் பாய்ந்தேன். பொத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஹென்ரிக் நிம்மதியாகச் சிரித்து, காமிராவை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

தகிய்யா இன்னும் கதவைத் திறக்கவில்லை. முக்பில் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். எந்த வழியாகப் போகிறதென்று தெரியவில்லை. தட்டு மட்டும் காலியாகிவிடுகிறது.