அக்காவிடம் ஒரு பேட்டி

மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் போலவே ஒன்று எழுதப்போவதாக வாலு சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லீவு விட்டதிலிருந்து தினம் ஒரு வகையாக எழுதிப் பார்ப்பது என்று இருவருக்கும் ஏற்பாடு. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அம்மா அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்ட, எட்டு வயது வாலு தன் அப்பாவுக்கு ஒன்று எழுதினாள். ‘அப்பாவைச் சூடான இடத்தில் வைக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் தூங்க விடவும். பக்கவிளைவு: குறட்டை.’ லாரி ஓட்டிக் களைத்து வந்த மனிதர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மறுநாள், கால் ஆடும் நாற்காலிக்கு ஒரு விளம்பரம். அதற்கும் மறுநாள் கொசுக்களுக்குக் கடைசி எச்சரிக்கை. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரிய மகள் காய்ச்சலில் போனதிலிருந்து ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட மூன்று பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

“இன்னைக்குப் பேட்டி,” என்றாள் வாலு.

“யாரை எடுக்கப் போற? அப்பா ஊர்ல இல்லையே.”

“அக்காவை. நீதான் அக்காவா இருந்து பதில் சொல்லணும். உனக்குத்தான் அவளை நல்லாத் தெரியும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.  வாலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி தொண்டையைச் செருமினாள். உனக்குப் பிடிக்காத விஷயம் என்ன என்று கேட்டாள்.

“நீ என் சீப்பை எடுக்குறது. அதுவும் எண்ணெய்த் தலையோட.”

கடைசிச் சொல்லை இழுத்து, மூக்கைச் சுருக்கி, பெரியவள் சொல்வது அப்படியே வந்தது. அம்மா அப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை. அது தானாக வந்தது. வாலு எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு முகத்துக்குப் பின்னால் பார்த்தாள்.  அம்மாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. “ம், அடுத்தது கேளு,” என்றாள், பசித்தவள் சோற்றுக்குக் கை நீட்டுகிற அவசரத்தோடு.

வாலு தாளைப் பார்த்தபடியே கேட்டாள். “முதல்ல எனக்குத்தானே காய்ச்சல் வந்துச்சு. என்கிட்டருந்துதானே உனக்கு வந்துச்சு. என் மேல கோவமா?”

இதை எத்தனை நாளாக இந்தக் குழந்தை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது என்று அம்மாவுக்குப் பகீரென்றது. காய்ச்சல் சின்னவளுக்கு முதலில் வந்தது நிஜம். கடையிலிருந்து எடுத்து வந்த மருந்திலேயே சரியாகிவிட்டதும் நிஜம். அந்தத் தைரியத்தில்தான் பெரியவளுக்கும் அதையே கொடுத்து, நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அம்மா தள்ளிப்போட்டாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. கோபமா என்று அம்மாவும்தான் பெரியவளிடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள், பாத்திரம் கழுவும்போது, கடையில் சில்லறை கொடுக்கும்போது. பதில் வந்ததே இல்லை.

அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள். இல்லை என்று ஒரே வார்த்தை, மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னால் போதும். அந்தக் குரல் வரவில்லை. கடைசியில் வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கோவமில்லடி கண்ணு. உன் மேல யாருக்கும் கோவமில்ல,” என்றாள்.

வாலு மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள்.

“இது நீ சொல்றதும்மா. நான் அக்காவைக் கேட்டேன்.”

பென்சில் முனையைத் தாளில் ஊன்றி வைத்துக்கொண்டு, அம்மாவின் உதடுகளையே பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.