லூபேன் போட்ட கையெழுத்து

படம் அச்சடிக்க ஊசியால் கீறிய செம்புத் தகட்டின் மேல் பெர்ரின் அமிலத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது பாதிரியார் மாடியேறி வந்தார். பக்கத்துக் கட்டிலில் அவள் கணவன் லூபேன் ஒன்பதாம் நாள் காய்ச்சலில் கிடந்தான். சந்தை நாடகக் கொட்டகையில், பெரிய பொத்தான் வைத்த வெள்ளை உடுப்போடு கித்தார் வாசித்துக்கொண்டே அடிவாங்கும் கோமாளி அவன். அந்த வேடத்தில் அவனைப் பதினோரு தகடுகளில் கீறியிருந்தாள் பெர்ரின். அச்சில் இடவலம் மாறிவிடும் என்பதால், பாரிஸ் மதுக்கடைச் சுவர்களில் மாட்டிய அந்தப் படங்களிலெல்லாம் அவன் இடதுகையால் வாசித்துக்கொண்டிருந்தான்.

நடிகர்களைத் திருச்சபை விலக்கி வைத்திருக்கிறது, நாடகத்தை விட்டுவிடுவதாகக் கையெழுத்துப் போட்டால்தான் சாகுமுன் பூசும் கடைசி எண்ணெயான அவஸ்தையைப் பூச முடியும், இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் பாதிரியார். சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது.

லூபேன் கண்ணைத் திறந்தான். "கோமாளியாவே பொழச்சேன் சாமி. சாகுறதுக்கு மட்டும் வேற ஆளாகணுமா? மாட்டேன்."

சாயங்காலம் வருவதாகச் சொல்லி, தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. போன குளிர்காலத்தில் கையெழுத்துப் போடாமலே இறந்த அவர்கள் குழு நடனக்காரியைச் சாக்கில் கட்டி, ஆற்றங்கரைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். நாய்களை விரட்டிக்கொண்டு பெர்ரின் அங்கே நின்றிருந்தாள். இப்போது இறகுப் பேனாவை அவன் விரல்களுக்குள் செருகி, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். செம்பில் எழுத்தைத் திருப்பிக் கீறிப் பழகிய கைக்கு ஒரு கையெழுத்து பெரிய வேலையில்லை. சாயங்காலம் தாளைப் பார்த்த பாதிரியார் ஒன்றும் கேட்காமல் அவஸ்தை பூசினார்.

லூபேன் சாகவில்லை. அதற்கு நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தத் தாள் வாசிக்கப்பட்டது. மரண பயத்தில் தானே கையெழுத்துப் போட்டுவிட்டதாக நம்பினான் லூபேன். சந்தை தொடங்கியதும் கொட்டகை முதலாளி கூப்பிட்டுப் பார்த்தார். கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டான். கித்தாரைத் தொடவில்லை. யார் கண்ணையும் பார்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் மேடைக்குப் போய்விடுவான், அடுத்த காய்ச்சலில் சுண்ணாம்புக் குழிதான் என்று பெர்ரின் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலங்களில் அவன் வீட்டிலேயே இருந்தது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதை நினைத்தால்தான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வேடமிட்ட நடிகர்கள், வாத்தியக்காரர்கள் என்று ஒரு புதிய படவரிசை வேண்டுமெனப் படக்கடைக்காரர் கேட்டிருந்தார். பார்த்து வரைய லூபேனையே உட்காரச் சொன்னாள். வெள்ளை உடுப்பு தொளதொளவென்று தொங்கியது. வெகுநேரம் அசையாமல் இருந்தவன் மெல்லக் கேட்டான்.

"அன்னிக்கு நான் அழுதேனா, பெர்ரின்? அந்த ஆள்கிட்ட கெஞ்சினேனா?"

அவள் ஊசி நின்றது. "நீ கண்ணே தெறக்கல."

"அப்பறம் எப்படிப் போட்டேன்?"

"நான்தான் போட்டேன்."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"நாலு மாசமா என்னையே காறித் துப்பிக்கிட்டுக் கெடந்தேன். பக்கத்துல படுத்துப் பாத்துக்கிட்டா இருந்தே?"

"ஆமா. உயிரோட இருந்தியே."

அவன் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, வேடத்தோடேயே படியிறங்கினான். அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் ஆட்கள் அவனை அடையாளம் கண்டு பின்னால் சேர்ந்தார்கள். முனையில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மடங்கி இருமினான். கூட்டம் சிரித்தது. இன்னொரு தடவை என்று யாரோ கத்தினார்கள். அவன் நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றி வணங்கி, மறுபடியும் மடங்கினான். இந்த முறை அது இருமலா நடிப்பா என்று மேலேயிருந்து அவளுக்குத் தெரியவில்லை.