திரேஸ்புரத்தின் மேல் திறந்த கண்

கொழும்பில் குண்டு விழுந்த மறுவாரம், நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கு மேலே ஆகாயத்தில் ஒரு கண் திறந்தது. வள்ளங்கள் கடலுக்குப் போகப் பயந்து கரையிலேயே கிடந்ததால் சாளை மீன் கூறு நாலணாவுக்கு ஏறியிருந்தது. கண்ணுக்கு இமை இல்லை. யாரோ வெகு உயரத்திலிருந்து குனிந்து பார்க்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அதன் கீழே, காம்பஸ் வைத்துக் கீறின மாதிரி வட்டமாக ஒரு வெளிச்சம் இறங்கித் தெருக்களையும் கரையோரக் கடலையும் மூடியது. வட்டத்துக்கு வெளியே மையிருட்டு.

ஜப்பான்காரன் விமானத்திலிருந்து விளக்குப் போடுகிறான் என்று ஊர் முடிவு கட்டியது. அபாயச் சங்கு ஊதினார்கள். குண்டுவீச்சுப் பாதுகாப்புக்கு சர்க்கார் வைத்திருந்த ஏ.ஆர்.பி. வார்டன் தாணுலிங்கம் வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்திருந்தபடி, ஜனங்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பல்லுக்கிடையில் தக்கையைக் கடித்துக்கொண்டு, குப்புறப் படுத்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. யாரும் அசையவில்லை.

சைக்கிளில் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த இனிகோ மட்டும் பிரேக்கைப் பிடித்து மேலே பார்த்தான். ஏனென்றால் அந்த வட்டம் அவனுக்குப் பழக்கமான வட்டம். துறைமுகத்து ஆய்வுக்கூடத்தில் தினமும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அவன் பார்ப்பது அதைத்தான். கப்பலில் யாருக்காவது வாந்திபேதி என்றால் ஒரு துளி எடுத்து, மெல்லிய கண்ணாடிச் சில்லில் வைத்து, சுற்றிலும் வாசலைன் தடவி, குழிக்கண்ணாடியின் மேல் தலைகீழாகத் தொங்கவிடுவான். துளிக்குள் கால்புள்ளி போல வளைந்த கிருமிகள், ஆளுக்கொரு வாலைச் சுழற்றிக்கொண்டு, வலைக்குத் தப்பின மீன்குஞ்சுகளாகப் பாய்ந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஒன்றும் அசையவில்லையென்றால் கூப்பிட வேண்டியதில்லை. கண்ணாடியைச் சரித்து, கிருமியைக் கொல்லும் லைசால் மருந்து ஜாடிக்குள் நழுவவிட்டுக் கையைக் கழுவிவிடலாம். அப்படி எத்தனையோ நழுவவிட்டிருக்கிறான், ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது தெருவில் லைசால் வாடை அடித்தது.

அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றான். கடல், வட்டத்தின் விளிம்பில், துளியின் ஓரம் போல மேல்நோக்கி வளைந்து நின்றது. வீடுகளின் சுவர் கண்ணாடியாகி, விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. தெருமுனையில் படுத்திருந்த தாணுலிங்கத்தின் தோலும் அதே மாதிரி ஒரு கோடு. உள்ளே குடல் இல்லை, ஈரல் இல்லை. கிருமிக்குள் இருப்பது போலவே எல்லாம் ஒன்றாய்க் கலந்த கஞ்சி, அதில் சில பொருக்குகள். "ஏலே இனிகோ, படுலே! சாகப் போறியா?" என்று அந்தக் கஞ்சி தக்கையைத் துப்பிவிட்டு அதட்டியது.

அப்போது தரை சரிந்தது. கொஞ்சம்தான். கீழே கிடந்த சைக்கிள் தானாகவே கிழக்கே நகர்ந்தது.

இனிகோ வீட்டுக்கு ஓடினான். அவன் பெண்சாதி சலேத்தம்மாள் கட்டிலுக்கடியில் கிடந்தாள். பஞ்சையும் தக்கையையும் பிடுங்கி எறிந்தான்.

"எந்திரிளா, ஓடணும். அசையாம கெடந்தா ஒண்ணுமில்லன்னு கொட்டிருவான்!"

"எவன்?"

"மேல இருந்து பாக்கானே, அவன்."

"கண்ணுல படாத பூச்சிக்குச் சம்பளம் வாங்கி வாங்கிப் புத்தி பேதலிச்சிட்டு உங்களுக்கு. பேசாமப் படுங்க. வார்டன் அண்ணாச்சி பாத்தா எழுதி அனுப்பிருவாரு." சொல்லிக்கொண்டே அவனை ஏறிட்டவள் அவன் சட்டைக்குள் உற்றுப் பார்த்தாள். "ஏங்க... உங்க நெஞ்சு எங்க?"

அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. "ஊரே ஓடணும் சலேத்து. யார்ட்ட போய்ச் சொல்ல? எல்லாவன் காதுலயும் பஞ்சு."

தரை இன்னும் சரிந்தது. பானைகள் கதவை நோக்கி உருண்டன. சலேத்தம்மாள் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தாள். "காது எதுக்கு? கண்ணு இருக்குல்லா," என்றவள், மீன் வாங்கும் ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடற்கரையைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

திரேஸ்புரத்தில் பெட்டியும் கையுமாக ஒருத்தி ஓடினால் வள்ளம் கரைபிடித்துவிட்டது என்று பொருள். பிந்திப் போகிறவளுக்குச் செதிள்தான் கிடைக்கும். எதிர்வீட்டுக்காரி தலையைத் தூக்கினாள். "நம்மளைப் படுக்கப் போட்டுட்டு இவ ஓடுதா பாரேன், கள்ளி!" என்று தக்கையைத் துப்பிவிட்டுத் தன் பெட்டியோடு பாய்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அவளைப் பார்த்து ஒரு தெரு. பெண்டாட்டிகளைத் தடுக்கப் புருஷன்மார் ஓடினார்கள். "படுங்கலே! படுங்கன்னா!" என்று விசிலை ஊதிக்கொண்டு எல்லோரையும்விட வேகமாகத் தாணுலிங்கம் ஓடினார். கரையில் வள்ளம் எதுவும் வந்திருக்கவில்லை. ஏமாந்த பெண்கள் சலேத்தம்மாளைப் பெட்டியாலேயே அடிக்கத் துரத்த, அவள் கடலோரமாகச் சுற்றிச் சுற்றி ஓட, அத்தனை பேருடைய முந்தானையும் வால் போலப் பின்னால் சுழன்றது.

சரிவு நின்றது. தரை மெல்ல மட்டத்துக்கு வந்தது. லைசால் வாடை விலகியது. கண் இன்னும் கிட்டத்தில் குனிந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை கண் திறந்தது. ஊரும் பழகிக்கொண்டது. வட்டம் விழுந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். மூடியதும் மூச்சு வாங்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போவார்கள். முடியாத கிழடுகளைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டினார்கள். ஓலைப்பெட்டி இரண்டணாவிலிருந்து மூன்றணா ஆயிற்று. யுத்தம் முடிந்தது, வார்டன் உத்தியோகமும் போயிற்று. தாணுலிங்கம் விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓட்டத்தை இப்போது அவர்தான் நடத்துகிறார்.

இனிகோ ஒரு விஷயத்தைச் சலேத்தம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. கிருமி அசைகிறது என்று தெரிந்தால் அதோடு வேலை முடிவதில்லை. டாக்டர் வந்து, என்ன கிருமி என்று உறுதி செய்ய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் மேலிருந்து ஒரு சொட்டு விடுவார். பாய்ந்துகொண்டிருந்ததெல்லாம் அப்படியே நின்று, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

ஐப்பசியில் முதல் தூறல் கூரையில் விழும்போது அவன் எங்கிருந்தாலும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். "மழைக்கா பயம் உங்களுக்கு?" என்று அவள் சிரிக்கிறாள். அவன் புறங்கையில் ஒரு சொட்டை வாங்கி, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்க்கிறான். இதுவரைக்கும் மழையாகத்தான் இருந்திருக்கிறது.