சாஃப்ட் என்றார் டாக்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மருத்துவமனை வராந்தாவில் என் காதில் விழுந்த ஒற்றைச் சொல். வார்டிலிருந்து வெளியே வந்த டாக்டர், நர்ஸிடம் 'சாஃப்ட்' என்றார். பக்கத்தில் நின்ற பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

அந்தப் பெண்ணை முதலில் பள்ளி ஆசிரியையாக—

(இல்லை. அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறவளாக இருக்கவேண்டும்.)

ஆங்கிலம்–தமிழ் அகராதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அந்த வாரம் அவள் மேசையில் கிடந்ததும் இதே சொல்தான். மென்மையான, இளகிய, உறுதியற்ற என்று மூன்று பொருள் எழுதியிருந்தாள். மூன்றாவது, அப்பா கொடுத்தது. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் சொந்த மகளை ஒரே வாரத்தில் இறக்கிவிட்டார்: "நீ ரொம்ப சாஃப்ட்டும்மா. ரோடு உனக்கு ஒத்துவராது." அன்றிலிருந்து இருவருக்கும் அளந்த பேச்சுதான்.

3

அப்பாவுக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி. ஆபரேஷன் செய்ய வேண்டிவரலாம் என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். காலையில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு வந்துதான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"உள்ளே அழுகிப்போச்சா டாக்டர்?"

"அட, நீங்க வேற! கல்லு மாதிரி இறுகியிருந்தாத்தாம்மா பயம். நல்லா இளகியிருக்கு. இப்போதைக்குக் கத்தி வைக்க வேணாம்."

அவள் கண்ணீர்—

(வேண்டாம். உட்கார்ந்தாள், போதும்.)

4

"நீங்க சாஃப்ட்டாம்ப்பா. டாக்டரே சொல்லிட்டார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது; வலிக்கவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே எழுதி வச்சுடாதே."

"எழுதத்தான் போறேன். பழைய இங்கிலீஷ்ல அதுக்குக் கலக்கமில்லாத, நிம்மதியானன்னுதான் அர்த்தம். தொட்டா அமுங்குறதெல்லாம் அப்புறம் வந்ததுப்பா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அப்ப நான் அன்னைக்கு உன்னை..."

இந்த வாக்கியத்தை இரண்டு விதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்கிறார். அவர் வாயில் அது ஒட்டவில்லை. மற்றதில் 'அந்தப் பழைய அர்த்தத்துலதான் சொன்னேன்' என்று சமாளிக்கிறார். அவருக்குப் பொருந்துகிறது, அவளுக்கு நியாயமில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அவள் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டாள். "சொல்லுங்கப்பா."

இனி உங்கள் பாடு. அவசரப்படுத்தாதீர்கள். மனுஷன் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்.