பிரிக்காத பாட்டில்

கருணாகரனின் உயிருக்கு டவுன்ஷிப்பில் அன்றைய விலை நிலவரம் ஒரு பெர்மனென்ட் வேலை. அதுவும் முப்பதாம் தேதிக்குள் போனால்தான். முப்பதாம் தேதி அவருக்கு ரிட்டயர்மென்ட். சர்வீஸில் இருக்கும்போது செத்தால் பிள்ளைகளில் ஒருவர் வேலைக்கு மனுப் போடலாம். மறுநாள் செத்தால் படத்துக்குச் சந்தன மாலையோடு சரி. அவர் பத்தொன்பதாம் தேதி சாயங்காலமே போய்விட்டார், பதினோரு நாளை மிச்சம் வைத்து. மாலை போட வந்த கன்வேயர் செக்‌ஷன்காரர்கள் அவர் முகத்தை ஒரு தடவையும், ஃப்ரீசர் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்ற மகன்களை இரண்டு தடவையும் பார்த்தார்கள்.

மூத்தவன் அன்புமணி, மைன்ஸில் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். இளையவன் பிரவீன்குமார், இன்ஜினியரிங் முடித்து ஆறு வருஷமாக வீட்டில். நடுவில் பிறந்த ஹரிணியை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் பின் வராண்டாவில் ஒரு பாட்டிலின்மேல் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் கும்பிடுபூச்சிகள். ஷிப்ட் போக மிச்ச நேரமெல்லாம் அவருக்கு இதுதான். கண்ணாடிப் பாட்டில், வாயில் கொசுவலைத் துண்டு, உள்ளே ஒரு குச்சி. பெரியவற்றுக்குக் கரப்பான், குவார்ட்டர்ஸில் அதற்கு என்றைக்கும் பஞ்சமில்லை. குஞ்சுகளுக்குப் பழ ஈ. தங்கை வளர்மதி காடாம்புலியூரிலிருந்து கொண்டுவரும் பலாச்சுளையில் நல்லதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கனிந்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அழுகவிட்டு, அந்த ஈயையும் அவரே வளர்த்தார். நாள் பார்த்ததுபோல இன்று காலை முட்டைக்கூடு ஒன்று பொரிந்திருந்தது. கொசு அளவில் அறுபத்துநான்கு குஞ்சுகள், அத்தனையும் முன்னங்காலை மடக்கிக் கும்பிட்டபடி.

ஓரிரு நாளில் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். பசி வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பிரித்து வைக்கக் கப்புக்குக் குறைவில்லை. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போட்ட பேப்பர் கப்புகளைப் பொறுக்கிக் கழுவி, திண்டில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"என்னா பண்ணிக்கினு இருக்க?" வளர்மதி அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். "அந்த அழுகுன பாட்டிலத் தேடாத. காலையிலயே குப்பைத்தொட்டில கொட்டிட்டேன். பொணம் கெடக்குற வூட்ல ஈ மொய்ச்சா பாக்கறவங்க என்னா பேசுவாங்க?"

"அதுதான் அத்த இதுங்களுக்குச் சோறு."

"எங்கண்ணன எடுக்கற வரைக்கும் இந்த வூட்ல அடுப்பே எரியாது. மனுசனே பட்டினி. பூச்சிக்கு என்னா அவசரம்?"

ஹரிணி கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தாள். போன மழைக்காலத்தில் ஈ கிடைக்காமல் போனபோது அப்பா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

"ஈ இல்லன்னா பிரிக்காத. பிரிச்சா அத்தனையும் பட்டினில போவும். ஒண்ணா வுட்டா ஒண்ணாச்சும் பொழச்சிக்கும்."

அதைச் சொல்லும்போது அவர் முகம், கடைசி விலை சொல்லிவிட்டு எழுந்துவிட்ட வியாபாரியின் முகம்.

நேற்று மத்தியானமும் அதே முகம்தான். ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"நெஞ்சு மேல யாரோ உக்காந்துக்கினு இருக்கறாப்ல இருக்குது ஹரிணி."

"அண்ணன வண்டி எடுக்கச் சொல்லட்டாப்பா?"

அவர் கண்ணாடி இல்லாமல் காலண்டரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இன்னிக்கு தேதி என்னா?"

"பத்தொம்பது."

"ம்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "தூங்குறேன். கதவச் சாத்திட்டுப் போ."

அவள் சாத்தினாள். முன் அறையில் தம்பி செல்போனில் இருந்தான். அண்ணன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு பேரையும் கடந்து வராண்டாவுக்குப் போய்க் கரப்பான் பிடித்தாள். கதவை அம்மா திறந்தபோது மணி ஆறு. ஆஸ்பத்திரி அந்த வீட்டிலிருந்து பத்து நிமிஷம்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். தெருமுனையோடு பெண்கள் திரும்பினார்கள். ஹரிணி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பாட்டிலுக்கும் வலைவழியே தண்ணீர் தெளித்தாள்.

மூன்றாம் நாள் நாற்பத்தொன்று. பாட்டிலின் அடியில் உடல் எதுவும் இல்லை. மயிரிழைபோலச் சில கால்கள் மட்டும். எட்டாம் நாள் பதினாறு. எண்ணிக்கை குறையக் குறைய இருப்பவை பெரிதாகின. கும்பிடுவதை மட்டும் ஒன்றும் நிறுத்தவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியும் முடிந்து, சொந்தக்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அன்புமணி மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இந்தா, ஆட்சேபணை இல்லன்னு பேப்பர் போட்டாச்சு. நீயும் அம்மாவும் தம்பியும் கையெழுத்துப் போட்டா நாளைக்கே குடுத்துடுவேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க ஹரிணி."

பிரவீன்குமார் கதவில் சாய்ந்து நின்றான். அவன் சட்டைப்பையிலும் ஒரு தாள் மடித்து இருந்தது.

"போட்டுடாத அக்கா. அவனுக்குக் கான்ட்ராக்டாவது இருக்குது."

"ஆறு வருசமா அப்பா காசுல செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணவன் பேசுறான் பாரு."

"ஒம்போது வருசமா பெர்மனென்ட் ஆவத் துப்பில்ல, நீ பேசு."

உள்ளே அம்மா பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தினாள். அன்புமணி குரலைத் தணித்தான்.

"சரி, அப்பா கடைசியா உங்கிட்டதான பேசினாரு? வேலையப் பத்தி ஏதாவது சொன்னாரா? யாருக்குன்னு?"

ஹரிணி இரண்டு பேரையும் பார்த்தாள்.

"தேதி கேட்டாரு."

எதற்கு என்று ஒருவனும் கேட்கவில்லை. அன்புமணி துண்டை உதறித் தோளில் போட்டான். பிரவீன்குமார் சுவரிலிருந்த காலண்டரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்த்ததைப் பார்த்துவிட்டார்களோ என்பதுபோல வெளியே போனான். வெகுநேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் திரும்பக் கேட்டது.

ஹரிணி அண்ணனின் தாளை வாங்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள். அப்பாவின் பூச்சி நோட்டு பாட்டிலுக்கு அடியில் இருந்தது. தாளை அதற்குள் வைத்தாள். ஏற்கனவே அங்கே வேலைக்கான மனு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை ஆபீசுக்குப் போய் அவளே வாங்கி வந்தது. பெயர்க் கட்டத்தில் தன் பெயரையே நிரப்பியிருந்தாள்.

கழுவி வைத்த கப்புகள் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. தண்ணீர் தெளித்தாள், வலையை இறுக்கிக் கட்டினாள். குச்சியின் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, தள்ளித் தள்ளி.

அப்பா போட்டு வைத்திருந்த கட்டங்களில் எழுதினாள்:

பொரிந்தது 64.
செத்துக் கிடந்தது 0.
இருப்பு 3.