பத்துக்கு எட்டு

மகள் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்து மூன்று நாளாகிறது. இதுவரை ஒரு தடவைகூட "இல்லப்பா" என்று சொல்லவில்லை. வாத்தியார் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். மின்விசிறியை நிறுத்தட்டுமா? சரிப்பா. சீக்கிரம் எழுந்திரு. சரிப்பா.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மறுத்துப் பேசக் கற்றுக்கொடுத்த மனிதர் அவர். கத்தக் கூடாது. எதிராளி சொன்னதை, அவரே ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தன் கட்சி. அவரிடம் படித்த வாண்டுகள் தலைமை ஆசிரியரிடமே போய், "நீங்க சொல்றது புரியுது சார், ஆனா..." என்று ஆரம்பிக்கும். மனிதருக்குப் பெருமை பிடிபடாது.

போன வருடம் விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதென்று அவர் முடிவு செய்தபோது மகளும் அப்படித்தான் எதிரே வந்து நின்றாள். "அங்க நல்லா சொல்லித் தர்றாங்க, என் நல்லதுக்குத்தான் அனுப்புறீங்க. அதானப்பா நீங்க சொல்றது?"

"அதேதான்."

"ஆனா அம்மா இறந்து ஆறு மாசந்தான் ஆகுது. இந்த வீட்ட விட்டுப் போக இப்ப என்னால முடியாதுப்பா. ஒரு வருஷம் கழிச்சுப் போறேன்."

குரல் உடைந்தது, ஆனால் கத்தவில்லை. இவர் என்ன செய்தார்? பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினாரா? மகராசன், மார்க் போட்டார்!

"பிரமாதம்! பத்துக்கு எட்டு. கடைசியில குரல் நடுங்கிச்சு பாரு, அதுக்குத்தான் ரெண்டு குறைச்சேன்."

மறுவாரமே பெட்டியைக் கட்டி அனுப்பியும் வைத்தார். அவள் பேசியது பயிற்சி இல்லை, கெஞ்சல் என்பது, ரயிலேற்றிவிட்டு வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது. உறைத்து என்ன புண்ணியம்?

இன்று காலை பொறுக்கமாட்டாமல் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார். அவள் அறை வாசலில் நின்று, "இந்த ரூம காலி பண்ணி என் புத்தகத்தையெல்லாம் வச்சுக்கலாம்னு பாக்குறேன். நீ என்ன சொல்றே?" என்றார். சொல்லு தாயே, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. கத்தினாலும் பரவாயில்லை.

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஜன்னலில் அம்மா தைத்துப் போட்ட நீலத் திரைச்சீலையில் பார்வை கொஞ்சம் நின்றது.

"சரிப்பா."

"ஐயோ, சும்மா கேட்டேம்மா. வேணாம், விடு."

"பரவால்லப்பா." நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். திரைச்சீலையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் புடிச்சுக்கோங்கப்பா, தரையில படுது."

வாத்தியார் இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.